முப்பத்தெட்டு வருஷக் கைக்கு ஒரு காகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எழுதும் எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்த வாரத்தில் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. படிப்பு ஏறாத பெண்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்காமல் அழகுக்கலைப் பயிற்சிக்கு அனுப்பலாம், கல்யாணம் ஆகும்வரை கைச்செலவுக்காவது ஆகும் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். நான் ஜெலுத்தோங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். என் கடைக்கு வரும் பேப்பர் சாயங்காலத்துக்குள் பத்துக் கை மாறி, கசங்கி, முடி ஒட்டிப் போய்விடும். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கத்தை மடித்து மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டேன். 'படிப்பு ஏறாதவர்கள்' படிக்கும் அந்தப் படிப்பைத்தான் என் மூத்த மகள் படித்தாள். அவள் படித்ததைப் பார்த்து நானும் 57 வயதில் ஒரு சான்றிதழ் வாங்கினேன். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல இடம் கொடுங்கள்.

என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவர். முதலில் ஒரு கடைவீட்டு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் ஒற்றை நாற்காலி, சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி, ஒரு தோல்வார், இரண்டு கத்தி. ஊரில் எங்கள் ஆட்களுக்கு மருத்துவர் என்றும் பெயர் உண்டு. என் அப்பாயி பிரசவம் பார்த்தவர், கட்டி கீறி மருந்து வைத்தவர். அந்தப் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டும் என்றால் மட்டும் எங்கள் தொழிலின் பெயர் எல்லாருக்கும் உடனே நாக்கில் வந்துவிடும். கப்பலேறி வந்தும் அந்த வார்த்தை கூடவே வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் அதைக் கேட்டிருக்கிறேன். யார் சொன்னார்கள் என்பதும் நினைவிருக்கிறது. அவர்களில் ஒருவர் இன்றும் என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார். நல்ல மனிதர்தான், மறந்திருப்பார்.

அதனால் என் பிள்ளைகள் யாரும் கத்தரிக்கோல் தொடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மூத்தவள் எஸ்பிஎம்மில் ஐந்து பாடத்தில் கிரெடிட் எடுத்தாள். அதில் கெமிஸ்ட்ரியும் ஒன்று. ஆறாம் படிவம் போவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, "அப்பா, நான் கொஸ்மெட்டோலோஜி படிக்கப் போறேன்" என்றாள். மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. அடுத்தவர் தலையைத் தொட்டுப் பிழைத்தது என்னோடு முடியட்டும் என்று கத்தினேன். என் மனைவிதான் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏங்க, அவளோட கெமிஸ்ட்ரி டியூஷன் காசு எந்தக் கையில வந்துச்சு?" அதற்கு என்ன பதில் சொல்வது? சரி, போ என்றேன்.

இங்கேதான் முதல் தப்பு நடந்தது. தப்பு என்னுடையதும்தான். ஒரு பேரங்காடியில் இருந்த தனியார் அகாடமியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெயர் வேண்டாம். மூன்று மாதப் படிப்புக்கு 4,800 வெள்ளி (ரிங்கிட்), 'இண்டர்நேஷனல் டிப்ளோமா' என்றார்கள். எந்த நாட்டு யார் கொடுக்கும் டிப்ளோமா என்று நான் கேட்கவில்லை. ஏர்கோன் நன்றாக இருந்தது, அதில் மயங்கிவிட்டேன். ஐப்ரோ த்ரெடிங், ஃபேஷியல், மணப்பெண் மேக்கப் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இருபது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். முகத்துக்கு முகம் என்று வகுப்பிலேயே ஒருத்திக்கொருத்தி போட்டுப் பார்த்ததோடு சரி, வெளியாள் ஒருவரைக்கூட அவர்கள் தொடவில்லை. கடைசியில் கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, படம் எடுக்கத் தனிக் காசு. அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பத்து பெரிங்கியில் ஒரு ஹோட்டல் ஸ்பாவுக்கு அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: "எஸ்.கே.எம். இருக்கா?"

எஸ்.கே.எம். என்றால் சிஜில் கெமாஹிரான் மலேசியா. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பெற்றோரில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ, எனக்கு அன்றுவரை தெரியாது. மனிதவள அமைச்சின் கீழ் இருக்கும் திறன் மேம்பாட்டுத் துறை, ஜே.பி.கே. என்பார்கள், அவர்கள் கொடுப்பது. இதற்கென்று 2006இல் ஒரு சட்டமே, 652ஆம் எண் சட்டம், வந்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சான்றிதழில் மூன்று நிலை. நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது மேல் டிப்ளோமா. வெல்டிங்குக்கும் மோட்டார் மெக்கானிக்குக்கும் எப்படியோ அப்படியே முடி அலங்காரத்துக்கும் அழகு சிகிச்சைக்கும் உண்டு. ஒரு பயிற்சி மையத்துக்கு ஜே.பி.கே. அங்கீகாரம் இருக்கிறதா, அதுவும் நம் பிள்ளை சேரப்போகும் அந்தப் படிப்புக்கு, அந்த நிலைக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையத்தளத்திலேயே பார்த்துவிடலாம். பணம் கட்டும் முன் ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷம் எனக்கு 4,800 வெள்ளி.

இரண்டாவது முறை அவளே தேடிச் சேர்ந்தாள். பட்டவொர்த் பக்கம் ஓர் அங்கீகாரம் பெற்ற மையம். காலையில் பஸ் பிடித்து ஜெட்டிப் படகுத்துறை போய், ஃபேரி ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ். திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்கும் அரசு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கல்விக்கடன் கிடைத்தது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் அந்தக் கடன் கிடைக்காது, இதையும் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருஷம் படித்தாள். போன முதல் மாதமே எங்கள் வீட்டில் கலகம் ஆரம்பித்தது.

முதலில் என் படிகாரக் கட்டி போனது. சவரம் செய்து முடித்ததும் படிகாரத்தை நனைத்துக் கன்னத்தில் தேய்ப்போம், கீறல் இருந்தால் இரத்தம் நிற்கும். ஒரே கட்டி, வருகிறவர் எல்லாருக்கும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கடைக்கு வந்தவள் அதைக் கையில் எடுத்து, "இதுல எத்தன பேர் இரத்தம் இருக்கு தெரியுமாப்பா?" என்று கேட்டுவிட்டுக் குப்பையில் போட்டாள். மஞ்சள்காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஒரு வாரம்கூட உயிரோடு இருக்குமாம். அப்புறம் நீல விளக்குப் பெட்டி. கத்தரிக்கோல்களை அதற்குள் வைத்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒளி படும் இடத்தைத் தவிர வேறு எங்கும் கிருமி சாகாது, கழுவித் துடைத்துக் கிருமிநாசினியில் ஊறப்போட்ட சாமானை அதில் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான் அதற்கு மதிப்பு என்றாள். 121 டிகிரி நீராவியில் 15 நிமிஷம் வைக்கும் ஓட்டோகிளேவ் பற்றியும் சொன்னாள். அது கிளினிக் சாமான் என்று நினைத்திருந்தேன்.

கடைசியாகக் கழுத்தில் கை வைத்தாள். என் கழுத்தில் இல்லை, நான் நெட்டி எடுக்கும் கழுத்துகளில். தலை மசாஜ் முடித்து, தாடையைப் பிடித்து இடம் வலமாக ஒரு திருப்பு. 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் சில பேருக்குக் காசு கொடுத்த திருப்தி. அதற்காகவே என் கடைக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து வருகிற ஆட்கள் உண்டு. கழுத்தெலும்பின் ஓட்டை வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாயைப் படம் போட்டுக் காட்டினாள். அது கிழிந்தால் பக்கவாதம். "வயசான ஆளுங்களுக்கு நீங்க இத செய்யவே கூடாதுப்பா, சின்ன ஆளுங்களுக்கும் வேணாம்" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை கழுத்தைத் திருப்பியிருப்பேன்? ஒன்றும் ஆகவில்லை என்பதை முருகன் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றோடு விட்டேன். இரண்டு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடக்கும். ரீபோண்டிங் மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைக்கிறது, அயர்ன் போட்டு நேராக்கியதும் இரண்டாவது மருந்து அந்தப் பிணைப்பைத் திரும்பக் கட்டுகிறது. இடையில் அளவு மீறி விட்டால் முடி சேமியா மாதிரி கையோடு வந்துவிடும். கலர் அடிக்கக் கலக்கும் பெராக்சைடில் 20 வோல்யூம் என்றால் ஆறு விழுக்காடு, 40 என்றால் பன்னிரண்டு. எந்தத் தலைக்கு எது என்று தெரியாமல் ஊற்றினால் தோல் வெந்துபோகும். இதையெல்லாம் கேட்டபோது எனக்குப் பல வருஷத்துக்கு முந்தைய ஒரு தீபாவளி நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்குக் கறுப்புச் சாயம் பூசி அனுப்பினேன். மறுநாள் கண் திறக்க முடியாமல் நெற்றி வீங்கி வந்து நின்றார். சூடு பிடித்திருக்கும், இளநீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கறுப்புச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மனிதர் காலமாகிவிட்டார், வேறு நோயில். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

கடிதம் எழுதிய அன்பரே, படிப்பு ஏறாத பிள்ளையிடம் இந்த மருந்துக் கிண்ணத்தைக் கொடுப்பீர்களா?

இனி என் கதை. மகள் மூன்றாம் நிலை முடிக்கும் சமயத்தில் ஒரு நாள், "அப்பா, நீங்களும் எஸ்.கே.எம். எடுக்கலாம், வகுப்புக்குப் போக வேணாம்" என்றாள். எஸ்.கே.எம். வாங்க மூன்று வழி இருக்கிறது. மையத்தில் சேர்ந்து படிப்பது ஒன்று. எஸ்.எல்.டி.என். என்று ஒன்று, அதில் பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலேயே தொழில் பழகிக்கொண்டு கொஞ்ச நாள் மட்டும் மையத்துக்குப் போவார்கள். மூன்றாவது பி.பி.டி., மேலே சொன்ன சாயத்து மருந்து இல்லை, பெங்கிக்திராஃபான் பென்சபாயான் தெர்டாஹுலு. ஏற்கெனவே தொழில் செய்து பழகினவர் தன் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி வாங்குவது.

ஆதாரம் காட்டுவது என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்கிறேன் என்று படத்தோடு கோப்பு தயாரிக்க வேண்டும். நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். மலாய் பேசுவேன், எழுதக் கை நடுங்கும். கடையை மூடிவிட்டு இரவு பத்து மணிக்கு நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அவள் தங்கச்சி கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். சீப்பைப் பிடிக்கும் கோணத்துக்கு ஒரு படம், துண்டு போர்த்துவதற்கு ஒரு படம், கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விடுவதற்கு ஒரு படம். கை தானாகச் செய்யும் வேலையை வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஏம்ப்பா காதுக்குப் பின்னால மட்டும் கத்தரிக்கோல இப்படித் திருப்புறீங்க?" என்றாள். தெரியவில்லை. என் அப்பா அப்படித் திருப்பினார்.

மதிப்பீடு செய்ய வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மா, என்னைவிட இருபது வயது சின்னவர். கோப்பைப் புரட்டினார், வெட்டச் சொல்லி நின்று பார்த்தார், கிருமிநாசினியைப் பற்றிக் கேள்வி கேட்டார். மகள் புண்ணியத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போகும்போது, "எஞ்சிக் (ஐயா), இதற்கு முன் யாரிடம் படித்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார். அப்பாவிடம் என்றேன். சில மாதம் கழித்துக் காகிதம் வந்தது. அங்கிப் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டச் சொன்னாள் மகள். நான் கடையில் மாட்டினேன், விலைப்பட்டியலுக்கு மேலே. என்னைப் பள்ளியில் அந்த வார்த்தை சொல்லித் திட்டினவர் அடுத்த வாரம் வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "பரவாயில்லையே" என்றார்.

வேலை வாய்ப்பைப் பற்றியும் எழுத வேண்டும், அந்த அன்பர் கைச்செலவு என்று எழுதியிருப்பதால். மகள் இப்போது அதே ஹோட்டல் ஸ்பாவில் இருக்கிறாள். அடிப்படைச் சம்பளம், நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அதோடு கமிஷனும் சர்வீஸ் காசும் சேர்ந்தால்தான் மாதம் நிமிரும். மழைக்காலத்தில் சுற்றுப்பயணிகள் குறைந்தால் அதுவும் இறங்கும். கஷ்டம்தான், எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது என்று இரவில் வெந்நீரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லீவு நாளில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறாள். தை, வைகாசி, ஆவணியில் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஆடியில் ஒன்றும் இருக்காது. இப்படித் தனியாகச் செய்பவர்களுக்கும் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சுயதொழில் காப்புறுதி இருக்கிறது, அதை எடுக்காமல் இருக்கிற பிள்ளைகளே அதிகம்.

அவளோடு படித்தவர்களில் ஒருத்தி உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறாள், இன்னொருத்தி அழகுச் சாதனக் கம்பெனியில் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். ஒரு பையன், ஆமாம் பையன், பிறை ஊரில் சொந்தக் கடை திறந்துவிட்டான். மகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. அதற்கு ஷா ஆலாமில் இருக்கும் சியாஸ்ட் நிலையத்தின் பயிற்றுநர் சான்றிதழ் தனியாக வேண்டும், பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். தன் வேலைக்குள் வராதவை எவை என்பதும் அவளுக்குத் தெரியும். ஊசி போட்டுச் சுருக்கம் எடுப்பது, உதட்டைப் பெரிதாக்குவது எல்லாம் இந்த நாட்டில் பதிவு பெற்ற டாக்டர் மட்டுமே செய்யலாம். ஒரு நாள் பயிற்சியில் அதையும் கற்றுத்தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிரீமை விற்றுக் கொடுத்தால் நல்ல கமிஷன் என்று அவளிடமும் வந்து கேட்டார்கள். அந்த ஆளை என் மனைவி வாசலிலேயே அனுப்பிவிட்டார்.

2023 செப்டம்பரில் முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைக்கடைகளுக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க இருந்த தடையைத் தளர்த்துவதாகப் பிரதமர் அறிவித்தபோது நம் ஆட்களிடையே எவ்வளவு விவாதம் நடந்தது. நானும் ஆள் கிடைக்காமல் இரண்டு நாற்காலியைச் சும்மா போட்டு வைத்திருக்கிறவன்தான், கடைக்காரர்களின் சிரமம் பொய் இல்லை. ஆனால் நம் பையன்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால் சம்பளம் மட்டும் காரணம் என்று நான் நம்ப மாட்டேன். அந்த வார்த்தைதான் காரணம். பெண்பிள்ளை பேரங்காடியில் செய்தால் பியூட்டி, பையன் ஜெலுத்தோங்கில் செய்தால் அந்த வார்த்தை. கத்தரிக்கோல் ஒன்றுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கும்போது எங்கள் முன்னால் வரிசையில் நின்று தலை குனிகிறவர்களில் டத்தோ பட்டம் வாங்கியவரும் உண்டு, டாக்டரும் உண்டு. போன தைப்பூசத்தில் மகள் என்னோடு வந்தாள். தலைக்கு ஒரு புது பிளேடு, மழித்த தலைக்குச் சந்தனம் அவள் கையால். ஒரு பாட்டி மட்டும், "பொம்பளப் பிள்ள இத செய்யலாமா?" என்று முனகினார். அப்புறம் அவரும் பேரனை அவளிடமே உட்கார வைத்தார்.

அந்த அன்பருக்கும், பயிற்சி வகுப்பு நடத்தும் நம் இயக்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். மூன்று நாள் மேக்கப் வகுப்பு நடத்தி, தலைவரோடு படம் எடுத்து, சான்றிதழ் கொடுப்பதற்கு ஆகும் அதே செலவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். இருபது முப்பது வருஷம் தொழில் செய்துவிட்டுக் கையில் ஒரு காகிதமும் இல்லாத முடிதிருத்துபவர்களும், வீட்டிலேயே த்ரெடிங் செய்யும் அக்காமார்களும் இந்தத் தீவில் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த பி.பி.டி. மனுவை நிரப்பிக் கொடுக்க மலாய் எழுதத் தெரிந்த நாலு பிள்ளைகள் போதும். என் மகள் ஒருத்தி வருவாள், கேட்டுவிட்டேன்.

என் கோப்பு மொத்தம் 140 பக்கம். யாருக்காவது மாதிரி பார்க்க வேண்டும் என்றால் கடைக்கு வரலாம். சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் அதிகம். மற்ற நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். கழுத்தில் நெட்டி எடுக்கச் சொல்லி மட்டும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
முடிதிருத்தும் கடைக்காரர்,
ஜெலுத்தோங், பினாங்கு.